யாரும் சும்மா நிற்கக் கூடாது

அறக்கட்டளையின் பின்னறையில் முப்பத்தொரு சக்கர நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. நல்ல மனதுக்காரர்கள் கொடுத்தவை. ஒன்றுக்கு முன்சக்கரம் இல்லை, ஒன்றுக்கு பிரேக் பிடிக்காது, இன்னொன்று கிழக்கே போக நினைப்பவரை மேற்கே கொண்டுபோய்விடும். சான்றிதழ் பெற்ற மெக்கானிக் பார்த்த பிறகே எதையும் வெளியே கொடுக்கலாம் என்பது விதி. மெக்கானிக்கை நியமிக்க நிர்வாகக் குழு கூட வேண்டும். குழுவோ, கூடும்போதெல்லாம் தான் உட்கார நல்ல மேசை இல்லாததைப் பற்றிப் பேசிவிட்டுக் கலைந்துவிடும். எட்டு மாதம் பேசி மேசையை வாங்கியாகிவிட்டது. அதைப் போடப் பின்னறை வேண்டும். திங்கட்கிழமை காலை பழைய இரும்பு லாரி வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும் என்று தலைவர் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் தையல்கார அக்கா வந்தார். தம்பியின் முதுகில் ஏறி வந்தார். அவருடைய நாற்காலியின் அச்சு முறிந்து நாலு மாதமாகிறது. அன்றிலிருந்து கடையும் பூட்டியே கிடக்கிறது.

"என்னம்மா, உங்க குழு கூடிச்சா?"

"அடுத்த மாசம் கூடுதுக்கா" என்றாள் அறக்கட்டளையின் செயலாளர்.

"நல்லா கூடட்டும். அதுக்குள்ள இவனுக்கு முதுகு வளைஞ்சிடும். அவனுக்கும் ஒரு ஃபாரம் எடுத்து வைங்க."

செயலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த உடனே வெட்கமாகவும் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் முப்பத்தொன்று கிடக்கிறது. இந்தப் பக்கம் ஒருவர் தம்பியின் முதுகில் உட்கார்ந்திருக்கிறார். நடுவில் இருப்பது அவளும் அவளுடைய ரப்பர் முத்திரையும்தான்.

சாயங்காலம் வீட்டில் நாத்தனாரிடம் இதைச் சொல்லிப் புலம்பினாள். நாத்தனாரைத் தெருவில் எல்லோரும் 'இடி' என்றுதான் கூப்பிடுவார்கள். பங்க் எனப்படும் அதிரடி ராக் இசை வாசிக்கும் குழு ஒன்றில் டிரம்ஸ் அடிப்பவள். கிட்டாரில் மூன்று பிடி தெரிந்தால் போதும், மேடை ஏறலாம் என்பது பங்க் இசைக்காரர்களின் நம்பிக்கை. மேடையே தேவையில்லை என்பது இடியின் குழுவினுடைய நம்பிக்கை. அவர்கள் சைக்கிள் கடையில் தரையில் நின்றுதான் வாசிப்பார்கள். கடைக்காரர்தான் பாடகர். கேட்க வருகிறவர் கையிலும் எதையாவது கொடுத்துத் தட்டச் சொல்வார்கள். யாரும் சும்மா நிற்கக் கூடாது.

"அண்ணி, ஒரு நட்டு முறுக்க எதுக்கு சர்டிபிகேட்?"

"யாராவது விழுந்துட்டா யாரு பதில் சொல்றது?"

"ரிப்பேர் பண்ணவங்களே முதல்ல உட்கார்ந்து ஓட்டிப் பார்க்கட்டும். எங்க பாட்டும் அப்படித்தான். எழுதினவங்க காதுதான் முதல்ல கிழியணும்."

"மத்தவங்க காதும்தான் கிழியுது."

"அது நாங்க செய்யற சேவை."

செயலாளர் சோற்றுத் தட்டில் விரலால் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த அலுவலகத்தில் பதினோரு வருட வேலை. ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை. ஒரு கடிதத்தில்கூட தேதி தவறியதில்லை. "பின்னறைச் சாவி என்கிட்டதான் இருக்கு" என்று ஒரு குரல் சொன்னது. அது தன் குரல்தான் என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சனிக்கிழமை இடி கையாலேயே ஒரு துண்டறிக்கை எழுதினாள். 'ஞாயிறு காலை அறக்கட்டளை வாசலுக்கு வாங்க. ஸ்பானர் இருந்தா கொண்டு வாங்க. வேலை தெரியலையா? பக்கத்துல இருக்கறவங்க சொல்லித் தருவாங்க. தெரிஞ்சதும் அடுத்தவங்களுக்கு நீங்க சொல்லித் தரணும். அவ்வளவுதான் கட்டணம்.' காகிதத்தை வீணாக்குவது அவளுக்குப் பிடிக்காது. செயலாளர் கழித்துப் போட்ட பழைய விண்ணப்பப் படிவங்களின் பின்பக்கத்தில் இருநூறு நகல் எடுத்து ஊரெல்லாம் ஒட்டினாள். மிச்சத்தைக் கையில் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை செயலாளர் பத்துப் பேர் வந்தால் பெரிது என்று நினைத்தாள். அறுபது பேர் வந்தார்கள். வந்தவர்கள் திறந்து கிடந்த பின்னறைப் பக்கமே போகவில்லை. அவளுடைய மேசைக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். ஒரு கையில் ஸ்பானர், மறு கையில் துண்டறிக்கை. முன்பக்கப் படிவத்தை எல்லோரும் பொறுப்பாக நிரப்பியிருந்தார்கள்! தந்தை தொழில், நடக்க இயலாமைக்கான காரணம், இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. ஓட்டப் பந்தய உடையில் வந்த ஒருவர் காரணத்துக்கு நேரே 'இன்னும் இல்லை' என்று எழுதியிருந்தார்.

செயலாளரின் கை தானாகவே முத்திரையைத் தேடியது. மூன்று படிவங்களில் குத்தியும்விட்டாள்.

"அண்ணி! என்ன பண்றீங்க?"

"வரிசையில நிக்கறாங்களே..."

நாலாவது படிவம் தையல்கார அக்காவுடையது. நடக்க இயலாமைக்கான காரணம்: 'சின்ன வயசுல காய்ச்சல். இப்போ உங்க ஆபீஸ்.'

செயலாளர் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு முத்திரையை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு எழுந்தாள்.

"யாராவது ஒரு கை பிடிங்க. என் மேசையைத் தெருவுக்குக் கொண்டுபோகணும். வேலை செய்ய இடம் வேணுமில்ல."

அதன்பிறகு தெரு ஒரு பட்டறையாக மாறியது. சைக்கிள் கடைக்காரர் நாலு பேருக்கு பேரிங் மாற்றக் கற்றுக்கொடுத்தார். அந்த நாலு பேர் பன்னிரண்டு பேருக்கு. தையல்கார அக்கா கிழிந்த இருக்கைகளைத் தைத்துக்கொண்டே, பக்கத்தில் ஊசியோடு திணறிய தபால்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். "இது துணியா பூரானா? பிடிச்சா கடிக்காது!" சரிசெய்த ஒவ்வொரு நாற்காலியிலும் சரிசெய்தவரே உட்கார்ந்து தெருச் சரிவில் இறங்கிக் காட்ட வேண்டும். ஒரு நாற்காலியின் பிரேக் பிடிக்காமல் இடி நேராகச் செடிக்குள் போய் விழுந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த நாற்காலி மறுபடியும் மேசைக்கு வந்தது.

பதினோரு மணிக்குத் தலைவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. தெருவைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார்.

"யாரைக் கேட்டு இதெல்லாம் நடக்குது?"

திங்கட்கிழமை லாரியில் தன் வேலையும் ஏறிப் போகும் என்று செயலாளருக்குத் தோன்றியது.

"யாரையும் கேக்கலை சார். நான்தான் திறந்தேன்."

"நாளைக்கு ஒருத்தர் விழுந்தா?"

"இன்னைக்கே விழுந்துட்டாங்க சார். அதனாலதான் அதை இன்னும் யாருக்கும் குடுக்கலை."

தலைவர் விதியைச் சொல்லத் தொடங்கும்போதே தையல்கார அக்கா ஒரு சக்கரத்தை அவர் கையில் திணித்தார். "ஐயா, பேசிக்கிட்டே இதைக் கொஞ்சம் பிடிங்க. இங்க யாரும் சும்மா நிக்கக் கூடாதாம்."

கொடுத்ததைப் பிடிப்பது மனித சுபாவம். பிடித்தார். "அப்படியில்ல, நேரா!" என்று ஓர் அதட்டல். நேராகப் பிடித்தார். அரை மணி நேரத்தில் சட்டையில் கிரீஸ். ஒரு மணி நேரத்தில், இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியாமல் நட்டோடு போராடிய பள்ளி ஆசிரியரிடம், "விடுங்க, நான் காட்டறேன்" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகம் முதல் பரிசு வாங்கிய பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. அவர் சரிசெய்த நாற்காலியில் அவரே சரிவில் இறங்கினார். பாதி வழியில் "ஐயையோ" என்றார். ஆனால் பிரேக் பிடித்தது.

சாயங்காலத்துக்குள் பத்தொன்பது நாற்காலிகள் தேறின. மீதி பன்னிரண்டையும் பிரித்துத்தான் இவற்றுக்கு உயிர் கொடுத்திருந்தார்கள். தலைவர் கையைத் துடைத்துக்கொண்டு லாரிக்காரருக்குப் போன் செய்தார். "சின்ன வண்டியே போதும்பா." பிறகு செயலாளரிடம் திரும்பினார். "குழுவுக்கு விளக்கம் நீங்கதான் எழுதணும். நான் கையெழுத்து போடறேன். அடுத்த பட்டறை எப்போன்னும் அதிலேயே எழுதிடுங்க."

தையல்கார அக்காவுக்கு நீல நிற இருக்கை வைத்த நாற்காலி. அச்சைச் செயலாளரே மாட்டியிருந்தாள். அதில் மூன்று முறை சரிவில் இறங்கியும் பார்த்துவிட்டாள். ஆனாலும் மனசு கேட்காமல் வீடுவரை கூடவே கிளம்பினாள். முதல் திருப்பத்திலேயே அக்கா வேகமெடுத்துவிட்டார்.

"அக்கா, மெதுவா போங்க!"

"நாலு மாசம் மெதுவாத்தானே இருந்தேன்!" என்று முன்னாலிருந்து குரல் வந்தது. செயலாளர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடத் தொடங்கினாள்.