ஏழு கேள்விக்கும் சைபர்

கிரேன்காரருக்குக் காலையிலிருந்து சிறுநீர் வரவில்லை. இருபது மாடி உயரத்தில், ஒரே ஆள் உட்காரக்கூடிய கண்ணாடிக் கேபினுக்குள், மூன்றாவது தடவையாக அகல வாய் பாட்டிலை வைத்துக்கொண்டு முக்கிப் பார்த்தார். ம்ஹூம். அடிவயிறு கல்லாகிவிட்டது. கீழே போவதென்றால் முந்நூறு படி இரும்பு ஏணி. கொக்கியில் கம்பிக்கட்டு வேறு தொங்கிக்கொண்டிருந்தது.

எல்லாம் போன மாதம் சொன்ன பொய்யால் வந்த வினை. வயிற்று வலிக்கு எடுத்த ஸ்கேனில் புராஸ்டேட் வீங்கியிருப்பது தெரிந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு தாளைப் பார்த்து ஏழு கேள்வி கேட்டாள். விட்டு விட்டுப் போகிறதா, முக்க வேண்டியிருக்கிறதா, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள்? ஒவ்வொன்றுக்கும் தொல்லைக்கு ஏற்ப சைபரிலிருந்து ஐந்து வரை மார்க். கேட்கட்டும், அது அவள் வேலை. ஆனால் பக்கத்து நாற்காலியில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தாரே! பெண்ணைக் கொடுத்தவர் மாப்பிள்ளை முன்னால் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வாரா? ஏழுக்கும் "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றுவிட்டார்.

டாக்டர் வயது, வீக்கம், மார்க் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் தட்டினார். "நூத்துல ரெண்டு பேருக்குத்தான் திடீர்னு அடைச்சுக்கும். கவலைப்படாதீங்க."

கம்ப்யூட்டரைச் சொல்லிக் குற்றமில்லை, அதற்கு இவர் சொன்னதுதானே தெரியும். நேற்று மூக்கடைப்புக்குக் கடையில் வாங்கிப் போட்ட மாத்திரை, மூக்கைத் திறந்து சிறுநீரை அடைக்கும் ரகம், மிச்ச வேலையைப் பார்த்துவிட்டது.

கீழே வாக்கி டாக்கியோடு நிற்பவரும் அதே மாப்பிள்ளைதான். மாமனாரும் மாப்பிள்ளையும் நாள் முழுக்கப் பேசுவார்கள், நாலே வார்த்தை. மேலே, கீழே, மெதுவா, போதும்.

"கீழே... மெதுவா... மாமா, ஏன் நிறுத்திட்டீங்க?"

வாக்கி டாக்கியின் பட்டனை அழுத்தினார். விட்டார். அந்தச் சானலை சைட் முழுக்கக் கேட்கும். கேட்டுத் தொலையட்டும், இந்த ஒரு மனுஷன் காதில் மட்டும் விழாமல் இருந்தால் போதும். நகரக்கூட இடமில்லாத கூண்டுக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது. வலியில் லீவரை வெடுக்கென்று இழுத்துவிட, கம்பிக்கட்டு ஆடத் தொடங்கியது. அதற்கு நேர் கீழே மகளின் புருஷன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தள்ளி நில்லுங்க மாப்பிள்ளை!" பட்டனை அழுத்திக் கத்தினார். "எனக்கு... ஒண்ணுக்கு வரல. காலையிலேருந்து. வயிறு வெடிச்சிடும் போல இருக்கு."

வாக்கி டாக்கி கரகரத்தது. யாரும் சிரிக்கவில்லை.

"தள்ளிட்டேன் மாமா. முதல்ல கம்பியை வச்சிடுவோம். கீழே... கீழே... போதும். அங்கேயே இருங்க, நான் வரேன்."

மாப்பிள்ளை மூச்சிரைக்க ஏறி வந்தார். இறங்கும்போது ஒரு படி கீழேயே நின்று, மாமனாரின் பாதத்தை ஒரு கையால் பிடித்துப் படிப்படியாக வைத்தார். "கீழே... மெதுவா... போதும். கீழே... மெதுவா..." முந்நூறு படிக்கும் வேறு வார்த்தை பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் குழாய் வைத்ததும் ஒரு லிட்டருக்கு மேல் வடிந்தது. கிரேன்காரர் வெட்கமில்லாமல் அழுதார். அழுது முடித்ததும் அதே நர்ஸ், அதே தாளோடு வந்து நின்றாள்.

மாப்பிள்ளை ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்தார். ஃபோன் அடிக்கவே இல்லை.

"உட்காருங்க மாப்பிள்ளை," என்றார் கிரேன்காரர்.

நர்ஸ் கேட்கக் கேட்க, ஒன்றுவிடாமல் பதில் சொன்னார். கடைசிக் கேள்வி வந்தது. ராத்திரி எத்தனை தடவை?

"எட்டு," என்றார். "உங்க தாள்ல அஞ்சோட முடிஞ்சுடுதேம்மா. மிச்சம் மூணை எங்க எழுதுவீங்க?"