எல்லாருக்கும் ஒரே ஃபோல்டர்

ஆப் தயாரிக்கும் மென்பொருளைப் புதுப்பித்த கையோடு அவள் திரையில் ஒரு வரி வந்து நின்றது: டெவலப்மென்ட் கிட் ஃபோல்டரைக் காணவில்லை. இதெல்லாம் ஒரு விஷயமா என்று செட்டிங்ஸைத் திறந்தாள். அதில் இருந்த ஃபோல்டர் முகவரி அவள் கம்ப்யூட்டருடையதே அல்ல. போன வாரம் சண்டை போட்டுக்கொண்டு வேலையை விட்டுப்போன சீனியருடையது. இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று அந்த மகானுபாவர் எல்லார் கம்ப்யூட்டரையும் தன் ஃபோல்டரிலேயே கோத்துவிட்டிருந்தார்.

"எனக்கும் அதே எரர்தான்க்கா," என்றான் பக்கத்து இருக்கைக்காரன்.

கிட் போனால் போகிறது, இன்னொன்று இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அடுத்த வரியைப் பார்த்தாள். ஆப்பை வெளியிடும்போது அது தங்களுடையதுதான் என்று கையெழுத்துப் போடும் டிஜிட்டல் சாவியும் அதே ஃபோல்டரில்தான் இருந்தது. வேறு பிரதி யாரிடமும் இல்லை. அது இல்லாவிட்டால் எந்த வாடிக்கையாளருக்கும் இனி ஒரு அப்டேட்கூட அனுப்ப முடியாது.

மாடிப்படியில் விழுந்தடித்து இறங்கினாள். ஸ்டோர் ரூமில் ஹார்டுவேர்க்காரர் சீனியரின் கம்ப்யூட்டரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அதைக் கொஞ்சம் ஆன் பண்ணுங்கண்ணே."

"பண்ணிட்டாப் போச்சு. மேனேஜர் சொன்னபடி காலையிலயே உள்ள இருந்ததையும் மொத்தமா அழிச்சிட்டேன்மா," என்று பெருமையாகச் சிரித்தார். "இப்போ பாரு, புதுசு மாதிரி இருக்கு."