கமா சாரின் பதினேழாம் பக்கம்

கோர்ட்டில் அவரை எல்லோரும் கமா சார் என்றுதான் கூப்பிடுவார்கள். சாட்சி இருமினால் இருமியதையும் சேர்த்து எழுதிவிடுகிற சுருக்கெழுத்தர். ஒரு கமாவைக்கூட விடமாட்டார் என்று பெஞ்ச் கிளார்க் கேலியாக வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. வீட்டிலும் கோபம் வந்தால் மனைவி அந்தப் பெயரைத்தான் எடுப்பாள்.

"கமா சார் சாப்பிட வர்றீங்களா, இல்ல அதுக்கும் கோர்ட் உத்தரவு வரணுமா?"

அவளுக்கும் சுருக்கெழுத்து தெரியும். இருவரும் பழகியதே ஒரு தட்டச்சு வகுப்பில், அடுத்தடுத்த மேசையில்தான். நிமிடத்துக்கு அவர் நூற்றிருபது வார்த்தை எழுதினால் அவள் நூற்றிருபத்தைந்து எழுதுவாள். கல்யாணத்துக்குப் பிறகு, வேலை மிஞ்சிப்போகிற நாட்களில் அவர் நோட்டை வீட்டுக்குக் கொண்டுவருவார். அவள் படிக்கப் படிக்க அவர் தட்டுவார். இருபத்திரண்டு வருஷத்தில் அவருடைய கோடும் புள்ளியும் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை விட்டு விலகி, தம் போக்கில் எங்கோ போய்விட்டிருந்தன. அதைத் தடுமாறாமல் படிக்க இந்த உலகத்தில் இரண்டே பேர் இருந்தார்கள். ஒருவர் எழுதியவர்.

அந்த இருபத்திரண்டாம் வருஷம் ஊரில் இருந்த சாயப்பட்டறை எரிந்தது. ஒன்பது பேர் உள்ளேயே கருகிப்போனார்கள். தீ வைத்தான் என்று பிடித்துக்கொண்டு வந்தது, அங்கே கொதிகலன் பார்த்த ஒருவனை. ஊரில் பாதி வீட்டில் அடுப்பெரிந்தது அந்தப் பட்டறையால்தான் என்பதால், முதலாளியைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. முதல் நாள் கூண்டில் ஏற்றி, குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டபோது அவன் சொன்னான்:

"நான் வைக்கல ஐயா. தீ பிடிச்சப்ப கதவு வெளிய பூட்டியிருந்துச்சு. சாவி மேனேஜர் இடுப்புல இருந்துச்சு. உள்ள இருந்து தட்டினாங்க."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றார் நீதிபதி. பிறகு சுருக்கெழுத்தர் பக்கம் திரும்பி, "குற்றத்தை மறுத்தார்னு மட்டும் போடுங்க, போதும்" என்றார்.

கமா சார் அதற்குள் முழுவதையும் எழுதி முடித்திருந்தார். தட்டச்சிலும் முழுவதையும் போட்டார். மறுநாள் காலை நீதிபதி தம் அறைக்குக் கூப்பிட்டுப் பக்கத்தை மாற்றச் சொன்னபோது மாட்டேன் என்றார். வேறு ஆளை வைத்து மாற்றிக்கொண்டார்கள். ஆனால் நோட்டு இருந்தது. அதில் பதினேழாம் பக்கம் இருந்தது. கொதிகலன்காரனின் வக்கீல் அதைக் கேட்டு மனுப் போட்டுவிட்டதால் கிழித்துப்போடவும் வழியில்லை. முதல் நாளே சொன்ன பேச்சென்றால் எடுபடும்; பிறகு சொன்னதென்றால் ஜோடித்த கதை. அந்த ஒரு பக்கத்தை நம்பித்தான் அவன் தலை இருந்தது.

பக்கத்தின் ஓரத்தில் 'என் கவனப்பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் பழையபடி வேலைக்கு வரலாம் என்றார்கள். அவர் போடவில்லை. தற்காலிக நீக்கம் என்று ஒரு தாளை நீட்டினார்கள். அதை மட்டும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

எதிர்வீட்டு அக்கா வாசலில் அவர் மனைவியைப் பார்த்தால் கதவைச் சாத்த ஆரம்பித்தாள். அவள் மகன் பட்டறையில் கணக்கர். இவள் நடத்திவந்த தட்டச்சு வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள் இரண்டாகக் குறைந்தார்கள். ஒரு அப்பா வந்து நேராகவே சொல்லிவிட்டுப் போனார்: "தப்பா நினைக்காதீங்கம்மா. நாங்களும் பிழைக்கணும்ல."

அன்று அவள் வெடித்தாள்.

"ஒரு வரிங்க. ஒரே ஒரு வரி. நீங்க பிடிவாதமா நின்னா செத்தவங்க எழுந்து வந்துடுவாங்களா?"

"வரமாட்டாங்க."

"அப்புறம் என்ன?"

"அவன் சொன்னான்மா. நான் கேட்டேன்."

"அந்தக் கூடத்துல இருந்த அத்தனை பேரும்தான் கேட்டாங்க."

"அவங்க யார் கையிலயும் பென்சில் இல்லியே" என்று சொல்லிச் சிரித்தார். அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

வேலை நின்ற ஏழாம் மாதம் ஒரு காலையில் செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. அதற்கு முந்தைய இரண்டு நாட்களாக அவள் அவரிடம் பேசாமல் இருந்தாள். சாவுக்குக் கோர்ட்டிலிருந்து வந்தது பெஞ்ச் கிளார்க் ஒருவர்தான். அவரும் தெருவின் எதிர்ப்பக்கம் சற்று நின்றுவிட்டு, உள்ளே வராமலே போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து அவளுடைய அண்ணன் வந்தார். சுற்றி வளைக்கவில்லை.

"மாப்பிள்ளை நோட்டு விஷயத்தை விசாரிக்கப் போட்டிருக்கிற அதிகாரி கூப்பிட்டுப் பேசினார். அந்த நோட்டை யாராலயும் படிக்க முடியலியாம். மத்த ரெண்டு சுருக்கெழுத்துக்காரங்களும் கோழிக் கிறுக்கல்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. அந்த வக்கீல் விடமாட்டேங்கிறான், சம்சாரம் படிப்பாங்கன்னு உன் பேரைச் சொல்லியிருக்கான்."

"அதுக்கு?"

"போய்ப் படி. நீ பொய்யே சொல்ல வேண்டாம்மா. அந்த இடம் வந்தா மட்டும் கண்ணு கொஞ்சம் மங்கிடுச்சுன்னு நினைச்சுக்கோ. ஃபைலை மூடிடுவாங்க. பொண்ணுக்கு அப்பா வேலை கிடைக்கும். மாப்பிள்ளை போயிட்டாரு. பொண்ணு இருக்காள்ல?"

மகள் அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் நின்றுபோயிருந்தது. ஆனால் அவள் வெளியே வரவில்லை.

விசாரணை அறையில் மேசை, நான்கு நாற்காலி, மூலையில் ஒரு தட்டச்சுப் பொறி, அதன் முன்னால் பெஞ்ச் கிளார்க். அதிகாரி மரியாதையாக உட்காரச் சொன்னார். வக்கீல் ஜன்னலோரம் நின்றிருந்தார். நோட்டைப் பிரித்து அவள் முன்னால் வைத்தார்கள்.

அவருடைய கையெழுத்து. முதலிலிருந்து வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தாள். பதினேழாம் பக்கத்தில் அந்த வரிகள் தனியாகத் தெரியும் என்று எதிர்பார்த்திருந்தாள். பென்சில் அழுந்தியிருக்கும், கோடு நடுங்கியிருக்கும் என்று. ஒன்றுமில்லை. சாட்சி இருமியதை எழுதுகிற அதே வேகம், அதே கை. இந்த மனிதர் இதை ஒரு பெரிய காரியமாகவே நினைத்து எழுதவில்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"'நான் வைக்கல ஐயா'" என்று படித்தாள்.

அடுத்து அவள் வாயிலிருந்து வந்தது நீதிபதி பேசியது. "'கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு.'"

ஒட்டுப்போட்டது தெரியாமல் பொருந்திவிட்டது.

"நடுவுல ஒண்ணும் இல்லையாம்மா?" வக்கீல் பக்கத்தில் வந்து குனிந்தார். அவருக்கு அது வெறும் கோடும் புள்ளியும்.

"இல்ல."

"நல்லா பாத்துச் சொல்லுங்க."

"அவ்வளவுதான் இருக்கு."

தட்டச்சு முடிந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம், அதுவரை வெளியே உட்காருங்கள் என்றார் அதிகாரி. வராந்தா பெஞ்சில் வயதான ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இவளைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டாள்.

"கமா சார் வீட்டுக்காரம்மாதானே? நான் கொதிகலன் பாத்தவனோட அம்மா. அன்னைக்குக் கூட்டத்துல என்னை உள்ள விடல. என் பிள்ளை என்ன சொன்னான்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க. நீங்க நோட்டைப் படிச்சீங்களாமே. என்ன தாயி சொன்னான்?"

அவளால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். கதவு வெளியே பூட்டியிருந்ததை, சாவி இருந்த இடத்தை, உள்ளே இருந்து தட்டியதை.

அந்த அம்மா உதட்டை அசைத்து அசைத்து மனப்பாடம் செய்வதுபோல் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு இவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இதை உள்ள அவங்க முன்னால படிச்சீங்களே, அது போதும். உங்க வீட்டுக்காரர் மாதிரியே நீங்களும். உங்க பிள்ளைகுட்டி நல்லா இருக்கணும்."

உள்ளே தட்டச்சுச் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. கதவு திறந்துதான் இருந்தது. எழுந்தால் பத்தடி. கூட வந்திருந்த அண்ணன் வராந்தாக் கோடியில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார்.

கூப்பிட்டார்கள். போனாள். பெஞ்ச் கிளார்க் தாளை நகர்த்தி, அவள் முகத்தைப் பார்க்காமல், "ஒருதரம் படிச்சுட்டுப் போடுங்கம்மா" என்றார்.

அவள் படிக்காமலே போட்டாள்.

வெளியே வந்தபோது அந்த அம்மா, புதிதாக வந்து உட்கார்ந்திருந்த வேறொரு பெண்ணிடம் இவளைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இவள் கிட்டே வரவும் இரண்டு பேரும் மரியாதையாக எழுந்து நின்றார்கள்.