மச்சினனுக்குக் கொடுத்த சிப்பாய்

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரருக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது ஒரு தபால் அட்டை. அதுவும் அவருக்கு வந்ததல்ல, மனைவியின் தம்பிக்கு வந்தது.

தொலைதூர நகரத்துக் கால்நடை டாக்டர் ஒருவரோடு கடைக்காரர் பல வருஷமாகத் தபாலில் சதுரங்கம் ஆடிவருகிறார். அட்டைக்கு ஒரு நகர்வு. முகம்கூடப் பார்த்ததில்லை, ஆனாலும் அந்த மனிதரைத் தன் சொந்தச் சொத்துபோல நினைத்திருந்தார். பஸ் ஓட்டும் மச்சினனோ நேற்றுதான் ஆடப் பழகியவன். எனக்கும் அவர் விலாசம் வேண்டும் என்று அவன் கேட்டபோது, பெரிய மனசு பண்ணிக் கொடுத்துத் தொலைத்தார்.

அந்தக் கத்துக்குட்டியோடு டாக்டர் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! இரண்டாவது நகர்விலேயே ராஜாவின் பக்கத்துச் சிப்பாயைப் பலி கொடுத்தார். பிறகு ஒரு குதிரையையும் தூக்கிக் கொடுத்தார். ராஜாவை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு, வா பார்க்கலாம் என்கிற ஆட்டம். சாப்பாட்டு மேஜையில் பலகையை விரித்து மச்சினன் சிரிக்க, அக்காவும் கூடச் சிரித்தாள். கடைக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தன்னோடு ஆடும்போது டாக்டர் ராஜாவைக் கோட்டைக்குள் பூட்டிக்கொண்டு ஆமைபோல ஊர்வார். ஒரு சிப்பாயைக்கூடச் சும்மா தந்ததில்லை. நம்மைக் கண்டால் அந்த ஆளுக்கு அலுப்போ?

"இதுல போயி பொறாமைப்படுவாங்களா?" என்றாள் மனைவி.

பொறாமைதான். மறைக்க என்ன இருக்கிறது?

இத்தனைக்கும் அவருடைய ஆட்டம் ஜெயிக்கும் நிலையில் இருந்தது. டாக்டரை அவர் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. பொறுமையாக நகர்த்தினால் இந்த முறை ஜெயம் நிச்சயம். ஆனால் வீம்பு விடுமா? நமக்கும் வாணவேடிக்கை காட்டத் தெரியும் என்று, டாக்டரின் ராஜா வாசலில் தன் குதிரையை வெட்டுக் கொடுத்து அட்டை எழுதினார். அதைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து பலகையைப் பார்த்தபோதுதான் செய்த தப்பு தெரிந்தது. குதிரை போனால் பின்னால் தாக்க ஒன்றுமே இல்லை. தபாலில் போன நகர்வைத் திரும்ப வாங்கவும் முடியாது.

டாக்டர் குதிரையை வெட்டியிருந்தார். அவருடைய பதில் அட்டையில் வழக்கமில்லாமல் சில வரிகளும் இருந்தன.

"உங்கள் மைத்துனரோடு ஆடுவது எனக்குப் பொழுதுபோக்கு. உங்களோடு ஆடும்போதுதான் பயம். இந்த முறை தோற்றுவிட்டேன் என்றே நினைத்திருந்தேன். குதிரையை ஏன் கொடுத்தீர்கள்?"

தோளுக்கு மேல் எட்டிப் படித்த மச்சினனின் முகம் தொங்கிப்போனது.

"அப்ப என்னப் பாத்து அவருக்குக் கொஞ்சம்கூட பயமில்லையா அத்தான்?"

அன்று அவன் அந்த அட்டையை நாலைந்து முறை எடுத்துப் படித்தான். ஒவ்வொரு முறையும் கடைக்காரர் கையை நீட்டித் திரும்ப வாங்கிக்கொண்டார்.