வயிற்றில் தேய்ந்த ராசா

"ஓட்டை எங்கை, அண்ணை?"

"என்ன ஓட்டை?"

"என்ரை காசிலை ஓட்டை இருந்தது. கயிறு கோத்த ஓட்டை."

பஞ்சலிங்கம் சிரித்தார். வாசிகசாலைக் காரியதரிசி அவர்; விழா முடிந்த பிறகும் சரிகைச் சால்வையைத் தோளிலிருந்து எடுக்க மனம் வரவில்லை. "ஊரெல்லாம் வடிவான காசு எண்டு கொண்டாடுது. நீ ஓட்டையைத் தேடுறாய், சிவக்கொழுந்து. பழசைத் தந்து புதுசு வாங்கினவள் ஊரிலை நீ ஒருத்திதான்."

அவளுடைய உள்ளங்கையில் புதுச் செப்புக்காசு மினுங்கியது. ஒரு பக்கம் படுத்திருக்கும் எருது, அதன் கீழே 'சேது' என்ற எழுத்து. யாழ்ப்பாணத்து ராசாக்கள் அடித்த காசைப் போலவே. மறுபக்கம் 'வாசிகசாலை வெள்ளிவிழா, 1937.'

அவள் கொடுத்தது இதுவல்ல. அவளுடைய புருஷன் இளையதம்பி புகையிலைத் தோட்டம் கொத்தியபோது மண்வெட்டியில் தட்டுப்பட்ட ராசா காலத்துக் காசு அது. பிள்ளையின் கழுத்துக்குப் பவுணில் பஞ்சாயுதத் தாலி செய்து போட வழியில்லாமல், அதையே துளைத்து மகள் பத்மாவதியின் அரைஞாணில் கோத்துவிட்டார்கள். தவழ்ந்தும் நடந்தும் கிணற்றடிச் சேற்றில் புரண்டும் திரிந்த அந்தச் சின்ன வயிற்றோடு உரசி உரசி, காசின் மறுபக்கத்தில் நின்ற ராசாவின் முகமே அழிந்து வழுவழுப்பாகிவிட்டது. போன மாரியில் காய்ச்சல் பிள்ளையைக் கொண்டுபோனது. மண்ணில் வைக்குமுன் கயிற்றை அறுத்தெடுத்தவள் சிவக்கொழுந்துதான். அதன்பிறகு அந்த வழுவழுப்பைப் பெருவிரலால் தடவாமல் அவள் கண்ணயர்ந்ததில்லை.

விழாக் காசுக்கு மாதிரி வேண்டும் என்று பஞ்சலிங்கம் கேட்டு வந்தபோது அவள் மறுக்கவில்லை; சில நாளில் திரும்பி வந்துவிடும் என்றே கொடுத்தாள். மகளின் காசு வீட்டுக்கு வீடு போய் இருக்கும் என்ற நினைப்பில் ஓர் இதம் இருந்தது. ஊரின் ஒவ்வொரு சன்னலிலும் ஒரே பிள்ளை நின்று கையாட்டுவது போல.

"எனக்கு இது வேண்டாம், அண்ணை. பழசைத் தாங்கோ."

பஞ்சலிங்கத்தின் சிரிப்பு வற்றியது. "அது வந்து... பட்டறை ஆசாரியார் உன்ரை காசை வைச்சுத்தான் அச்செடுத்தவர். ராசா பக்கத்திலை ஒண்டும் தெரியேல்லை எண்டு அதை அராவிப்போட்டு, விழா எழுத்தை அதிலேயே வெட்டினவர். ஓட்டையை ஈயத்தாலை அடைச்சு, மினுக்கித் தந்தார்."

"அராவினவரோ?"

"நீ புதுசைக் கண்டால் சந்தோசப்படுவாய் எண்டு நினைச்சன், தங்கச்சி."

"இப்ப அது ஆரிட்டை?"

"ஏரம்பண்ணையின்ரை மகள் செல்வநாயகியிட்டை. பிள்ளைக்குக் கட்ட ஒண்டு கேட்டாள். ஈயத்தைக் குத்தினால் ஓட்டை சுகமா வந்திடும் எண்டு அதைக் குடுத்தன்."

அவள் புதுக்காசை மேசையில் வைத்துவிட்டு நடந்தாள்.

செல்வநாயகி முற்றத்தில் குழந்தைக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள். படலை திறந்ததும் முகம் மலர்ந்தது. "வாங்கோ அக்கா! பாருங்கோவன், எங்கடை எருமைக்குட்டிக்கு எருது கட்டியிருக்கிறன்."

குழந்தை காலை உதைத்தது. இடுப்பில் காசு வெயிலைப் பிடித்து எறிந்தது.

"அது என்ரை பத்மாவதியின்ரை காசு, நாயகி."

செல்வநாயகியின் கை அப்படியே நின்றது. பிறகு பிள்ளையை வாரி மடியில் அணைத்தாள். எண்ணெய் விரல்கள் கயிற்று முடிச்சைத் தேடித் தேடி வழுக்கின. "ஐயோ அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது. செத்த பிள்ளையின்ரை..." நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இந்தாங்கோ, அவிட்டுத் தாறன். கொண்டுபோங்கோ."

சிவக்கொழுந்து குனிந்து காசைப் புரட்டிப் பார்த்தாள். புதிதாக வெட்டிய எழுத்துகள் பெருவிரலைச் சுரண்டின. குழந்தையின் தொப்புளுக்கருகே அதே எழுத்துகள் சிவப்பாகப் பதிந்திருந்தன. எவ்வளவு தடவியும் அந்தப் பழைய வழுவழுப்பு வரவில்லை. இதைப் பெட்டிக்குள் போட்டு வைத்தால் அவள் சாகும்வரையும் அதில் வெள்ளிவிழாதான் இருக்கும்.

முடிச்சு பாதி நெகிழ்ந்திருந்தது. அவள் செல்வநாயகியின் கையைப் பிடித்தாள்.

"அவிழ்க்காதை, நாயகி. உன்ரை பிள்ளையின்ரை வயித்திலை கிடந்து தேயட்டும். உந்த எழுத்து அழியுமட்டும் அதிலை கிடக்க விடுவியே?"