ஊதுபத்தித் தழும்பு

குமணன்சாவடியில் பழைய கார்களைப் பழுதுபார்த்து விற்கும் அந்தச் சந்தில், எவரும் வாய்விட்டுச் சொல்லாத விதி ஒன்று உண்டு: உள்ளே ஒருவர் உயிர்விட்ட வண்டியின் கதையை அதை வாங்கியவரிடம் சொல்லக் கூடாது. டிங்கர் வேலை பார்ப்பவர் சொல்ல மாட்டார். பெயின்ட் அடிப்பவர் சொல்ல மாட்டார். சந்து முனையில் டீ விற்கும் ராணியும் சொன்னதில்லை.

ராணிக்கு அந்த விதியால்தான் பிழைப்பே அமைந்தது. அவள் கணவன் லோகேஷ், வேறொருவரின் காரை வாடகைக்கு ஓட்டியவன். ஒரு மே மாத மதியம், அடுத்த சவாரி வரும்வரை கண்ணாடிகளை ஏற்றி, ஏசியைப் போட்டுக்கொண்டு படுத்தவன் எழவில்லை. அடியில் ஓட்டை விழுந்த சைலன்சர் குழாயிலிருந்து புகை உள்ளே புகுந்திருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். ஆனால் சந்துக்கு வந்து சேர்வதற்குள் அது மாரடைப்பாக மாறியிருந்தது. பிறகு அந்த வண்டியை வாங்கி விற்ற தரகர் பார்த்தசாரதி, தம் இடத்து மதிலோரம் ராணி டீக்கடை போட்டுக்கொள்ள இடம் கொடுத்தார். கொடுத்த அன்று ஒன்றைத்தான் சொன்னார்: “போனவன் போய்ட்டான்மா. நீயும் உன் பொண்ணும் பொழைக்கணும். இனிமே இந்தப் பேச்சு வேணாம்.”

ராணி பேசவில்லை. ஆனால் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, கண்ணாடி ஏற்றி நிற்கும் வண்டியை அவளால் கடந்துபோக முடிவதில்லை. உள்ளே யாரேனும் சாய்ந்திருந்தால் அவர்களின் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்த பிறகே கால் நகரும். வீட்டிலும் மகள் கனிமொழி உறங்கும்போது அவளது மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்ப்பாள். “தூங்க வுடும்மா” என்று மகள் சலித்துக்கொள்வாள்.

அன்று மதியம் காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு பழைய கார் ஏசி மெக்கானிக் எத்திராஜின் கடை முன் வந்து நின்றது. கோவில்பதாகை அடுக்ககத்தில் குடியிருக்கும் நிர்மல் ஓட்டிவந்தான். சொந்த ஊர் தென்காசிப் பக்கம், கணினி நிறுவனத்தில் வேலை. பின் இருக்கையில் அவனுடைய நான்கு வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஓடும்போது குளிர்கிறது, சிக்னலில் நின்றால் அனல் அடிக்கிறது என்றான் அவன். எத்திராஜ் முன்பக்கத்தைத் திறந்து, ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சரில் அப்பியிருந்த தூசியை நீரடித்துக் கழுவி, அதன் பின்னே சுற்றாமல் நின்ற விசிறியை மாற்றினான். வண்டி நின்றிருக்க இன்ஜின் மட்டும் ஓட, உள்ளே குளிர் ஏறியது. நிர்மலுக்கு முகம் மலர்ந்தது.

“கரன்ட் போச்சுன்னா என் வொய்ஃப் ஸ்வாதியும் பாப்பாவும் பார்க்கிங்ல வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு உள்ளயே தூங்கிருவாங்க. அதுக்குத்தான் அவசரமா வந்தேன்” என்றான். பிறகு ஏதோ நினைவு வந்தவனாக, “அப்படித் தூங்கி எந்திரிச்சா ரெண்டு பேருக்கும் தலை வலிக்குது. பாப்பா வாந்தி எடுக்குறா. ஏசி கேஸ்னாலயா இருக்குமோ?”

எத்திராஜ் துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தான். எதிரே நாற்காலியில் பார்த்தசாரதி அமர்ந்திருந்தார். எத்திராஜ் அவரைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். “உள்ள புழுக்கம் சார், அவ்ளோதான். இனிமே சரியாப்பூடும்.”

டீயோடு வந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ராணி, வழக்கம்போல் கண்ணாடி வழியே உள்ளே குனிந்தாள். டேஷ்போர்டின் வலது ஓரத்தில் விரல்நீளத்தில் ஒரு கருகல் தழும்பு. லோகேஷ் தினமும் அங்கேதான் ஊதுபத்தி சொருகுவான். ஒருநாள் அது சாய்ந்து சுட்டதற்கு அவள் அவனைத் திட்டியிருக்கிறாள். அவன் ஓட்டிய வெள்ளை வண்டிக்குப் புது நிறம் பூசியவர்கள் அந்தத் தழும்பை விட்டுவிட்டார்கள்.

அவள் நிமிர்ந்தாள். பார்த்தசாரதி தலையை லேசாக, மிக லேசாக, ஆட்டினார். வேண்டாம் என்று பொருள். ராணி கடைக்குத் திரும்பினாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் கண் அதில் இல்லை. அந்தக் கார் நின்றபடியே மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. குளிரில் பனி பூத்த கண்ணாடிக்குப் பின்னே குழந்தை ஒரு நிழலாகத் தெரிந்தது. மார்பு ஏறுகிறதா, இறங்குகிறதா, தெரியவில்லை. அன்றும் யாரோ ஒருவர் இப்படித்தான் டீ குடித்தபடி, லோகேஷ் அசந்து தூங்குகிறான் என்று எண்ணிக் கடந்துபோயிருப்பார்.

ராணி ஓடினாள். கதவைத் திறந்து, சாவியைத் திருகி இன்ஜினை அணைத்து, குழந்தையை வாரி வெளியே எடுத்தாள். குழந்தை சிணுங்கிக் கண் திறந்தது.

“ஏங்க, என்ன பண்றீங்க?” என்று நிர்மல் பதறினான்.

“இந்த வண்டியிலதான் சார் என் ஊட்டுக்காரர் செத்தாரு.”

சந்தில் தகரம் தட்டும் சத்தம் நின்றது.

“ராணி, கடை வேணாமா ஒனக்கு?” பார்த்தசாரதி எழாமலே கேட்டார்.

“வேணாண்ணா. அந்த எடத்துக்குத்தான் இத்தினி நாளா வாய வித்துகினு இருந்தேன்.” அவள் நிர்மலிடம் திரும்பினாள். “மாரடைப்பு இல்ல சார். ஏசி போட்டுகினு தூங்கினாரு. அடில பைப்பு ஓட்ட, பொக உள்ள வந்துட்ச்சி. அது கண்ணுக்குத் தெரியாது, தூக்கம் மாதிரியே வரும். உன் பொண்டாட்டிக்கும் கொழந்தைக்கும் வர்ற தலவலி அதான்.”

நிர்மல் எத்திராஜைப் பார்த்தான். எத்திராஜ் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் படுத்தான். வெளியே வந்தபோது அவனுடைய விரல்களில் கரி அப்பியிருந்தது. “பழைய ஓட்டைய பட்டி பூசி மூடிக்கீறாங்க. அது உட்டுப்போச்சு” என்று தரையைப் பார்த்தபடி சொன்னான்.

குழந்தை ராணியின் தோளில் மீண்டும் உறங்கிவிட்டது. அதன் மூச்சு கழுத்தில் சூடாகப் பட்டது. அவள் சந்து முழுவதற்கும் கேட்கும்படி, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

“நின்ன வண்டில இஞ்சின ஓடவுட்டு, கண்ணாடிய ஏத்திகினு யாரும் தூங்காதீங்க. தலவலி வந்தா குளுர மட்டும் பாக்காத, கீழ பொகக் கொழாயப் பாரு. எந்த வண்டில யார் செத்தாங்கன்னு வாங்க வர்றவங்ககிட்ட இனிமே நான் சொல்லுவேன். தெரிஞ்சவங்க வாய மூடிகினா, அடுத்த உசுர எடுக்கறது வண்டி இல்ல, நாமதான்.”