மீதித் தண்ணீர்

சவ்ரினிசோ கணவனை விட்டுவிட்டு மகளோடு திரும்பி வந்தபோது, தம்பி ஃபத்தோ அவளுக்குக் கொடுத்தது வாய்க்காலின் கடைக்கோடியில் கிடந்த கல்மேடு. அதில் வீடு கட்டி ஆப்ரிகாட் கன்றுகள் நட்டாள்.

இஸ்ஃபரா நகருக்கு மேலே மலையில் இருக்கும் எங்கள் ஊரில் பனிமலைத் தண்ணீர்தான் எல்லாம். அந்த வாய்க்காலில் ஃபத்தோ வீட்டையும் சேர்த்து ஆறு வீடுகள். வாரத்தில் வீட்டுக்கு ஒரு நாள் முறை. எஞ்சிய வெள்ளிக்கிழமை அவரவர் இஷ்டம்.

"வெள்ளிக்கிழமை ஊர் எடுத்தது போக மீதி உனக்கு" என்று சொல்லிவிட்டார், நீர் பங்கிடும் கோதிர். அவளுக்கு வந்து சேர்ந்தது சேறுதான். கோடையில் கன்றுகளின் இலை சுருண்டது.

பெண்கள் போகாத தேநீர்க்கடைக்குள் நேரே நுழைந்தாள்.

"கோதிர் அண்ணே, ஏழு நாளை எத்தனையால வகுத்தீங்க?"

"ஆறால. ஆறு வீடு இருக்கே."

"என் வீடு?"

"உனக்குத்தான் மீதி குடுத்திருக்கே."

"வகுக்கும்போது என்னை விட்டுட்டீங்க, அதான் மீதி வருது. ஏழால வகுங்க, மீதியே இருக்காது."

மூலையில் ஒருவன் சிரித்தான். "புருஷனைக் கழிச்சுட்டு வந்தவ, நமக்கு வகுத்தல் சொல்லித் தர்றா."

"ஆமா, கழிச்சேன். அந்தக் கணக்கு சரியாத்தான் வந்துச்சு" என்று சொல்லிவிட்டு வெளியேறினாள்.

வெள்ளிக்கிழமை காலை மற்ற மடைகளையெல்லாம் அடைத்துத் தண்ணீரைத் தன் நிலத்துக்கு விட்டாள். கோதிர் மண்வெட்டியோடு வந்து, தண்ணீரைத் திருப்பிவிடக் கரையை வெட்டினார். வெட்டிய இடத்திலேயே அவள் இறங்கி, உடம்பால் அடைத்து உட்கார்ந்துகொண்டாள். உருகி வந்த பனி. உதடு நீலம் பாரித்தது. அந்நியப் பெண்ணைத் தொட்டுத் தூக்க முடியாமல் கோதிர் ஃபத்தோவுக்கு ஆள் அனுப்பினார்.

"அக்கா, எந்திரி. மானம் போகுது" என்றான் ஃபத்தோ.

"போகட்டும். தண்ணி வரட்டும்."

"வெறச்சுச் செத்துடுவே."

"அப்ப ஆறாலயே வகுத்துக்கோங்க."

ஃபத்தோ தலை குனிந்தபடி போய்விட்டான். உச்சி வேளையில், கடைசிக் கன்றுக்கும் தண்ணீர் வந்துவிட்டதென்று மேட்டிலிருந்து மகள் குரல் கொடுத்தாள். சவ்ரினிசோ எழுந்தாள், கால் மரத்து விழுந்தாள், மறுபடி எழுந்து, கோதிரின் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கி, அவர் வெட்டிய கரையைத் தானே அடைத்தாள்.

அடுத்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமை அவளுடையதாயிற்று. யாரும் அறிவிக்கவில்லை, யாரும் மடையைத் தொடவும் இல்லை. ஃபத்தோ மட்டும் ஒரு வருஷம் அவளோடு பேசவில்லை. அவளும் போய்க் கூப்பிடவில்லை.